அழப் பெண்ணில்லாத வீடு

"குத்திட்டான்! படுங்கோ! மாமா, படுங்கோ!"

படுக்கிறேன். வாய்க்குள் மண். பிடரியின் மேல் இரு கைகள். வாயைத் திறந்தே வைத்திருக்கிறேன். மூடியிருந்தால் செவிப்பறை கிழியும். இதை எங்கள் ஊரில் குழந்தைகளும் அறிவார்கள்.

எறிகணைக்கு இரண்டு ஒலிகள் உண்டு. முதல் ஒலி தொலைவில் எழும். உரலில் உலக்கை விழுவது போன்ற மழுங்கிய ஓசை. அது புறப்படும் ஓசை. அதைக் கேட்டதும் "குத்திட்டான்" என்று கத்துவோம். இரண்டாம் ஒலி அது விழும் ஒலி. அதைக் கேட்டவன் உயிரோடு இருக்கிறான் என்று பொருள். அந்த இரண்டு ஒலிகளுக்கும் நடுவில்தான் நாங்கள் குடியிருந்தோம்.

இரண்டாயிரத்து ஆறு. ஆவணி. ஈழத்தின் கீழைக்கரை. முற்பகல். ஊர் முழுவதும் ஒரு வண்டிப்பாதையில் நடந்துகொண்டிருக்கிறது. கத்தியவன் என் மருமகன் சிவனேசன். உழவு இயந்திரம் ஓட்டிப் பிழைத்தவன். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். என் மனைவி புவனேசுவரியும், சிவனேசனின் மனைவியாகிய என் ஒரே மகள் தமயந்தியும் எங்களுடன் இல்லை. பனந்தோப்புக்கு அப்பால் கிணறு இருக்கிறது, குடிக்க நீர் முகந்து வருகிறோம் என்று சற்று முன்புதான் போயிருந்தார்கள்.

விழுந்தது. தோப்பின் பக்கம் விழுந்தது.

சிவனேசன் என்னை முந்தி ஓடினான். நான் பின்னால் ஓடினேன். கண்டதை எழுத மாட்டேன். இருவரும் அருகருகே கிடந்தார்கள் என்பது போதும்.

அவ்வழியே போன உழவர் ஒருவரின் மண்வெட்டியை வாங்கிச் சிவனேசன் குழி வெட்டினான். ஒரே குழி. நான் கையால் மண் அள்ளினேன். பாதையிலிருந்து யாரோ உரக்கக் கத்தினார்.

"ஆம்பிளையள் நிண்டு அழுதுகொண்டிருந்தா எல்லாருந்தான் சாகவேணும்! கெதியா வாங்கோ!"

நாங்கள் அழவில்லை. எங்கே அழுதுவிடுவோமோ என்று அஞ்சித்தான் அவர் கத்தினார். மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். நடந்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. எங்கள் வழக்கில் இறந்தவர்க்கு அழுவது பெண்கள். கூந்தலை அவிழ்த்து, ஒருவரை ஒருவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இறந்தவரின் குணங்களை எடுத்துச் சொல்லி அழுவார்கள். ஆண்கள் முற்றத்தில் நிற்பார்கள். விறகைப் பற்றிப் பேசுவார்கள். வருகிறவர்களின் கையைத் தொட்டு அனுப்புவார்கள். தாய்க்கு மகள் அழுவாள். மகளுக்குத் தாய் அழுவாள். என் வீட்டில் ஒருத்திக்காக அழவேண்டியவள் மற்றொருத்தி. இருவரும் ஒரே நொடியில் போனார்கள். எஞ்சியவர்கள் கைதொடத் தெரிந்த இரண்டு ஆண்கள்.

என் மனைவியும் மகளும் அழப்படாமல் போனார்கள். மண்ணுக்குள் போனதைக் காட்டிலும் எனக்கு அது பெரிது.

கரை சேர்ந்ததும் கடல் கடக்கப் படகேறினோம். படகோட்டி எங்களை இராமேசுவரத்தை ஒட்டிய மணல்திட்டு ஒன்றில் இறக்கிவிட்டுத் திரும்பினார். பதிவுகள். விசாரணைகள். பிறகு விருத்தாசலம் அகதிகள் முகாம். தகரக்கூரை போட்ட ஓர் அறை. இருவரும் சமைத்தோம். இருவரும் உண்டோம். "உப்புக் கூடிப்போச்சுது, மாமா." "மண்ணெண்ணெய் வந்திட்டுதோ, தம்பி?" இவ்வளவுதான் எங்கள் பேச்சு. இரண்டு பெயர்களை நாங்கள் வாயால் சொல்லவில்லை. ஒருவர் சொன்னால் மற்றவர் உடைந்துபோவார் என்று ஒருவருக்கொருவர் காவல் இருந்தோம். இதைத்தான் ஆண்மை என்று எண்ணியிருந்தோம்.

வேலை கிடைத்தது. தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பீங்கான் பட்டறை. சிவனேசன் களிமண் மூட்டை இறக்குவான். நான் உட்கார்ந்த இடத்தில் பீங்கான் பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்குவேன். யானை, மயில், தலையாட்டும் செட்டியார் இணை. எல்லாம் சிரித்த முகம்.

மார்கழி. பிற்பகல். வேலை முடிந்து முகாமுக்கு நடக்கிறோம். முன்னால் ஒரு சரக்கு ஊர்தி நிற்கிறது. அதற்கு அப்பால் மேளம். திருவிழா என்று நினைக்கிறேன்.

உரலில் உலக்கை விழுகிறது.

"குத்திட்டான்! படுங்கோ!"

படுக்கிறேன். தார்ச்சாலையில் நெற்றி. பிடரியில் கைகள். வாய் திறந்திருக்கிறது. பக்கத்தில் சிவனேசன். தலைக்கு மேல் வெடிக்கிறது. காகிதத் துணுக்குகள் முதுகில் விழுகின்றன.

மேளம் நின்றது. நான் தலையைத் தூக்கினேன். கண்ணுக்கு நேரே வெறுங்கால்கள். அவற்றுக்குப் பின்னால் பூவால் மூடிய பாடை. நடுநாடு எனப்படும் இப்பக்கத்தில் வயது முதிர்ந்து இறந்தவரை வெடியும் ஆட்டமுமாக எடுத்துச் செல்கிறார்கள். வானில் போய் வெடிக்கும் வாணம் ஒன்றைக் குழாயிலிருந்து விட்டிருக்கிறார்கள். அதன் புறப்பாட்டு ஒலியும் எறிகணையின் புறப்பாட்டு ஒலியும் ஒன்றே. இதை எந்த நூலிலும் நான் படித்ததில்லை. தார்ச்சாலையில் கிடந்து அறிந்தேன்.

"யோவ், யாருய்யா அது, பாடைக்கு முன்னாடி வந்து வுழுவுறது?"

"குடிச்சிட்டு வுழுந்துட்டானுங்களா?"

"ச்சும்மா இருடா. கும்புடுறாங்கடா. பெருசுக்கு வேண்டியவங்க போல இருக்குது."

கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் நடந்தவர் இறந்தவரின் மூத்த மகன். கலியபெருமாள் என்பது அவர் பெயர். எங்கள் பட்டறைக்கு அடுத்த பட்டறையில் சூளை எரிப்பவர். அன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கொள்ளிச்சட்டியைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு அவர் குனிந்தார்.

"எழுந்திரிங்க ஐயா. எங்க நைனாவுக்கு இம்மாம் மரியாத யாரும் பண்ணதில்லிங்க."

முதலில் சிவனேசனைத் தோள் பிடித்துத் தூக்கினார். வழக்கப்படி கையைத் தொட்டிருந்தால் ஒன்றும் நேர்ந்திருக்காது. அவர் தொட்டது தோளை. மாதக்கணக்கில் யாரும் தொடாத தோள். சிவனேசன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவனிடமிருந்து ஓர் ஒலி கிளம்பியது. ஒலிகளைப் பிரித்தறிந்து உயிர் பிழைத்தவன் நான். எனக்கே அந்த ஒலி புதிது.

"தமயந்தீ!"

கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"தமயந்தியா? யார்றா அது? பெருசுக்கு அப்படி ஒரு ஆளு இருந்துச்சா?"

"கெழவன் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலியே!"

சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் தொண்டையும் திறந்துகொண்டது. "புவனேசு" என்றேன். ஆறாண்டுக் காதலும் முப்பதாண்டு மணவாழ்வும் சேர்ந்த பெயர் அது. நான் கேட்டிராத குரலில் வெளியே வந்தது.

"அடப்பாவி, இன்னொன்னா!"

சிரித்தவர்களை நான் நோகவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் அழுகையை நிறுத்தவும் இல்லை. நிறுத்த முயன்றேனா? இல்லை. இதைத் திருத்தமாக எழுதி வைக்கிறேன். முழங்காலில் நின்றபடி, அழுதபடி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"என்ர மனுசி. என்ர மகள். ரெண்டு பேரும் செல்லடியில செத்திட்டினம். நாங்கள் இன்னும் அழேல்லை."

சிரிப்பு நின்றது. மேளக்காரர் கோலைத் தாழ்த்தினார். கலியபெருமாளின் உறவில் மூத்தவர் ஒருவர் முன்னால் வந்தார். கட்டிய வேட்டியை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

"பாவந்தான். அதுக்குன்னு ஆம்பளைங்க நடுரோட்டுல பொம்பளையாட்டம் அழுவுறதா? பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும். தள்ளி உக்கார வையி."

கலியபெருமாள் அசையவில்லை. சிவனேசன் இன்னும் அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"நிக்கட்டும்யா. எங்கப்பன் எங்கயும் ஓடிட மாட்டாரு. அவுங்க அழுவட்டும்."

பாடை நின்றது. பேருந்து ஒன்று வந்து அதுவும் நின்றது. ஒலிப்பானை அழுத்திய ஓட்டுநரை யாரோ கையமர்த்தினார். எங்கள் அழுகை ஓய்ந்த பிறகே பாடை நகர்ந்தது. கலியபெருமாளின் கண் காய்ந்தே இருந்தது. அவருடைய தந்தைக்கு வந்த கூட்டத்தில் அன்று அழுத ஆண்கள் முன்பின் அறியாத நாங்கள் இருவர் மட்டுமே.

மறுநாள் முதல் தொழிற்பேட்டையில் பாடைக்கு முன்னால் அழுகிறவர்கள் என்று எங்களுக்கு ஒரு பெயர் அமைந்தது.

"இன்னா பெருசு, இன்னிக்கு யாரு பாடைக்கு முன்னாடி?"

"எங்க மாமியா இன்னிக்கோ நாளைக்கோன்னு இஸ்துகிட்டு இருக்குது. சொல்லி அனுப்பவா?"

முகாமிலும் முணுமுணுத்தார்கள். எங்களவர் ஒருவர் வந்து நயமாகச் சொன்னார். "மாஸ்ரர், நீங்கள் படிச்ச மனுசன். ரோட்டில கிடந்து அழுதா சனம் எங்களை என்னெண்டு நினைக்கும்?"  அவருடைய மகனும் போர்க்களத்தில் இறந்தவன். அவர் கன்னத்துத் தசை துடித்துக்கொண்டிருந்தது. அவர் என்னைக் கடிந்துகொண்டது என் பொருட்டு அல்ல என்று அறிந்தேன்.

ஆயினும் அன்று ஒன்று தெளிவாயிற்று. வீட்டையும் வயலையும் எறிகணை பறித்தது. அழுகையை அது பறிக்கவில்லை. அதற்கு வெகு காலம் முன்பே, பிறந்த ஆண்பிள்ளையை மடியிலிருந்து இறக்கியபோதே, அதைப் பறித்துவிட்டிருந்தார்கள். பறித்தவர்கள் பகைவர் அல்லர். நம்மவர். நானும் நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று அழும் சிறுவர்களைப் பார்த்து "நீ ஆம்பிளைப் பிள்ளையல்லோ" என்று சொன்னவன்தான்.

தந்தைக்குக் காரியம் முடிந்த கையோடு கலியபெருமாளின் தங்கை அஞ்சலை முகாமுக்கு வந்தாள். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவள். நகக்கண்களில் நீலமும் சிவப்பும். கூடவே அவள் தெருப் பெண்கள் சிலர். அறைவாசலில் நின்று நேராகவே கேட்டாள்.

"ஐயா, ஒங்க வூட்டுல அழுவுறதுக்குப் பொம்பள இல்லன்னு அண்ணன் சொல்லிச்சு. நாங்க உக்காந்து அழுதுட்டுப் போறோம். காசு கீசு ஒன்னும் வாணாம்."

 பாய் விரித்தேன். உட்கார்ந்தார்கள்.

"அம்மா எப்பிடி இருப்பாங்க? இன்னா பேசுவாங்க? எதுக்குக் கோச்சிக்குவாங்க? சொல்லுங்க. அதெல்லாம் வெச்சுதான அழுவ முடியும்?"

சொல்லத் தொடங்கினேன். கோபம் வந்தால் அவள் என்னை "வாத்தியார்" என்று அழைப்பாள். மற்ற நேரங்களில் பெயரே இல்லை, "இஞ்சேருங்கோ" மட்டும். நான் செய்தித்தாளைப் படித்து முடிக்கும் முன்பே அதில் கருவாட்டைப் பொதிந்துவிடுவாள். கேட்டால், "செத்த மீனுக்குத்தான் உங்கட செய்தி சரி" என்பாள்.

அஞ்சலை சிரித்துவிட்டாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மூலையில் இருந்த சிவனேசன் தானாகவே பேசினான். அவன் பேசி நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. "அவள் சைக்கிளில ரெண்டு கையையும் விட்டிட்டு ஓடுவாள். நான் பின்னால இருந்து கத்துவன். பயந்தாங்கொள்ளி எண்டுவாள். பகிடி சொல்லத் தொடங்கினா முடிக்க மாட்டாள். முதலே சிரிச்சுப்போடுவாள். ஒரு பகிடியும் நான் முழுசாக் கேட்டதில்லை."

அஞ்சலை அழுவதற்கு வாயெடுத்தாள். நான் கையை உயர்த்தினேன்.

"வேண்டாம் பிள்ளை. கோவிக்காதை. இது உன்ர வாயில நிக்காது. நாங்களே அழுவம். எப்பிடியெண்டு மட்டும் சொல்லித் தா."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் வயதானவள், "ஆம்பளைக்கு ஒப்பாரி சொல்லித் தரதா? நல்லா இருக்குது கூத்து!" என்றாள்.

அஞ்சலை சிரிக்கவில்லை. "நீங்க தொண்டையிலயே அழுவுறீங்க. அன்னிக்கு ரோட்டுலயும் அப்பிடித்தான்னு அண்ணன் சொல்லிச்சு. வயித்துலேருந்து வரணும். அப்புறம் அவங்களப் பத்திச் சொல்லக் கூடாது. அவங்ககிட்டயே சொல்லணும். எதிர்ல உக்காந்திருக்காங்கன்னு நெனச்சிக்கிட்டு. தனியா அழுவாதீங்க. யாரையாவது புடிச்சிக்கிட்டு அழுவுங்க. இல்லன்னா மண்ட கனக்கும்."

அவ்வளவுதான் பாடம். இலக்கணம் என்று வாழ்நாளெல்லாம் நான் கற்பித்தவற்றுள் இத்தனை சுருக்கமானது வேறில்லை.

மாசிமகம். மணிமுத்தாற்று மணல். கம்மாபுரம், கருவேப்பிலங்குறிச்சி, சேத்தியாத்தோப்பு என்று சுற்றுப்பக்கத்து ஊர்களெல்லாம் ஆற்றில் இறங்கியிருக்கின்றன. இறந்தோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கும் நாள். மணலெங்கும் ஆண்கள். மந்திரத்தைத் திருப்பிச் சொல்கிறார்கள். பிண்டத்தைக் கரைக்கிறார்கள். எழுந்து துண்டைப் பிழிகிறார்கள். ஒருவர் கண்ணிலும் நீரில்லை. ஒலிபெருக்கியில் காவலர்கள் காணாமற்போன குழந்தைகளின் பெயர்களை அறிவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறைவிடம் தேடலாமா என்று சிவனேசன் கேட்டான். வேண்டாம் என்றேன். ஒளிந்து கிடந்த காலம் போதும். ஆண்கள் மிகுதியாக இருந்த இடத்தைத் தேடி, நட்டநடுவில் உட்கார்ந்தோம்.

எள்ளும் நீரும் இறைத்தோம். புரோகிதர் எழுந்து போனார். நாங்கள் எழவில்லை. எதிரெதிரே அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

"இஞ்சேரும் புவனேசு" என்று தொடங்கினேன். வயிற்றிலிருந்து வந்தது. "தண்ணி கொண்டு வாறன் எண்டியே. நான் இன்னும் தாகத்தோட இருக்கிறன்." சிவனேசன் தன்னுடையதைத் தொடங்கினான். "அந்தப் பகிடியை முடிச்சிட்டுப் போ தமயந்தி. முடிச்சிட்டுப் போ." உரக்க. மேலும் உரக்க. பாதையில் வாயடைத்து நடந்த ஒவ்வோர் அடிக்கும் சேர்த்து.

கூட்டம் வட்டமாக நின்றது.

"சினிமா எடுக்குறாங்களா? கேமரா எங்கடா?"

"பெருசு சூப்பரா நடிக்குது!"

"யோவ், அசிங்கமா இருக்குது. எழுந்துபோய்யா."

எழவில்லை. இன்னும் உரக்க அழுதோம். குரல் அவர்களைத் துரத்தியது என்றே சொல்வேன். முன்வரிசை ஓரடி பின்வாங்கியது.

வட்டத்தைப் பிளந்துகொண்டு கலியபெருமாள் வந்தார். ஈர வேட்டி. எங்கள் பக்கத்தில் மணலில் அமர்ந்தார்.

"எனக்கு வரலிங்க ஐயா. காரியம் முடிஞ்சும் வரல. நெஞ்சு கல்லாட்டம் கெடக்குது."

அவர் கையை எடுத்து என் தோளில் வைத்தேன். "அப்பாவோட பேசும்" என்றேன். "அவரைப் பற்றிச் சொல்லாதையும். அவரோட நேரை கதையும்."

 ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "நைனா" என்றார். "நீ செவுடுன்னு ஊரே சொல்லிச்சு. நான் டிவிஎஸ்ஸுல தெருமுனை திரும்பும்போதே நீ எழுந்து கதவத் தொறப்பியே. எப்பிடி நைனா உனக்குக் கேட்டுச்சு?"

அந்தக் கேள்வியோடு அவர் உடைந்தார். சூளை வெக்கையில் கறுத்த அந்தப் பெரிய உடல் என் மேல் சாய்ந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு அழுதோம். அவரைப் பார்த்துச் சிரிக்க அந்த ஊரில் யாருக்கும் துணிவில்லை. சற்றுத் தள்ளி, துண்டைப் பிழிந்துகொண்டு நின்ற யாரோ ஒருவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் யார், யாருக்காக என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை.

கூட்டம் கண்டு காவலர் ஒருவர் வந்தார். இளைஞர். கையில் கோல். எங்களைப் பார்த்துவிட்டுக் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். திருவிழாக் கூட்டத்தில் அழுகிறவனிடம் காவலர் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"இன்னா பெரியவரே, எதுனா தொலஞ்சி போச்சா? பையா? ஆளா? சொல்லுங்க, மைக்குல சொல்லிடலாம்."

சொன்னேன். அழுகையை அடக்கிக்கொண்டு சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். சொன்னதை இங்கே அப்படியே பதிகிறேன்.

தொலைந்தவை. கல்வீடு ஒன்று. அதன் சாவி என்னிடம் இருக்கிறது, கதவு இல்லை. நெல் விளைந்து நின்ற வயல். உழவு இயந்திரம் ஒன்று. கடன் அடைத்து முடித்தது. மகளின் மிதிவண்டி. மூன்று அலமாரிப் புத்தகங்கள். நான் கற்பித்த பள்ளி. என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் என்று அறியேன். அறிந்தவர் இருந்தால் எழுதட்டும்.

தொலைந்தவர்கள் இருவர். புவனேசுவரி, ஆசிரியர் மனைவி, நீர் முகக்கப் போனவர். தமயந்தி, சிவனேசன் மனைவி, உடன் போனவர். இருவரும் ஒரு குழியில். தோப்பின் மேற்கு ஓரத்தில். அடையாளம் வைக்க நேரமில்லை.

மாசிமகத்தன்று, ஊரறிய, ஆண்கள் வாயால், இருவருக்கும் அழுதாயிற்று. இனியும் அழுவோம்.